வேலை செய்கிறது, ஆனாலும் வேண்டாம்: என்.எச்.எஸ். எஃப்.டி.பி. பற்றி ஒரு பாவனையாளரின் கருத்து

லண்டனில் என்.எச்.எஸ். என்கிற பிரித்தானியப் பொதுச் சுகாதார சேவையின் ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு ஒப்பரேசன் திகதி போடுவது என் வேலை. கொன்சல்டன்ட் 'முழங்கால் மாற்ற வேண்டும்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அதிலிருந்து அந்த நோயாளி ஒப்பரேசன் தியேட்டருக்குள் போகும்வரை நடுவில் இருக்கிற அத்தனை தொலைபேசி அழைப்பும் கடிதமும் கெஞ்சலும் எங்கள் மேசைக்குத்தான் வரும். இந்த வேலைக்கு இப்போது நான் காலையில் வந்ததும் திறக்கிற திரை, ஃபெடரேட்டட் டேட்டா பிளாட்ஃபோர்ம். எஃப்.டி.பி. என்றுதான் எல்லோரும் சொல்வோம். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பல இடங்களில் சிதறிக் கிடக்கிற தகவலை ஒன்றாகக் காட்டுவதற்காக, இங்கிலாந்தில் இந்தச் சேவையை நடத்துகிற என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற அமைப்பு வாங்கியது. அடியில் ஓடுவது அமெரிக்காவின் பலன்டியர் நிறுவனத்து மென்பொருள்.

இதை எதிர்த்து எழுதுகிறவர்களில் பலர் பாவித்துப் பார்த்தவர்கள் இல்லை. பாவிக்கிற நாங்களோ, வீண் வம்பு எதற்கு என்று வாய் திறப்பதில்லை. நான் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன். இது நல்ல கருவி. அப்படியிருந்தும் இந்த நிறுவனத்தை என்.எச்.எஸ்.ஸில் இருந்து வெளியேற்றச் சொல்கிறவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

முதலில் கருவி. முன்பு எங்களிடம் இருந்த நிலைமையைத் தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். நோயாளியின் பெயரும் காத்திருக்கிற வாரமும் ஒரு கணினி முறையில் இருக்கும். தியேட்டர் நேரம் இன்னொன்றில். ஒப்பரேசனுக்கு முன் செய்கிற பிரீ-ஒப் பரிசோதனை முடிந்ததா என்பது தாதிமார் வைத்திருக்கிற எக்செல் தாளில். 'இந்த அம்மாவுக்கு ஓகஸ்ட் முழுக்க வசதியில்லை' என்பது செக்ரட்டரியின் குறிப்புப் புத்தகத்தில். எல்லாவற்றையும் ஒருவர் தலைக்குள் வைத்துத்தான் பட்டியல் போட்டோம். அந்த ஒருவர் விடுமுறையில் போனால் பட்டியலும் விடுமுறையில் போய்விடும்.

இப்போது ஒரு வியாழக்கிழமை பின்னேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலைப் பட்டியலில் இருந்த ஒருவருக்குக் காய்ச்சல், வர முடியாது என்று போன் வருகிறது. சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து டொக்டர், தாதிமார், கொண்டுவந்து வைத்திருக்கிற செயற்கை மூட்டு எல்லாம் தயார், நோயாளி மட்டும் இல்லை. எஃப்.டி.பி.யில் பட்டியலைத் திறந்து முழங்கால் என்று வடிகட்டுகிறேன். பிறகு பிரீ-ஒப் பாஸ் ஆனவர்கள், குறுகிய அறிவித்தலில் வரத் தயார் என்று சொன்னவர்கள், அதிக வாரம் காத்திருப்பவர்கள் மேலே. ஒரு சில பெயர்கள்தான் மிஞ்சும். முதலாமவர் போன் எடுக்கவில்லை. இரண்டாமவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. "நாளைக்கா? இப்பவே வரட்டா?" என்று கேட்டார். அந்த நேரம் வீணாகவில்லை. பழைய முறையில் அந்தத் தியேட்டர் அரைநாள் சும்மா கிடந்திருக்கும். இதை எவர் எப்படிக் குறைத்துச் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். 2023 செப்டெம்பரில் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியலில் 7.7 மில்லியனுக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் நிலுவையில் நின்றன. 100 பேரில் 92 பேருக்காவது 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016-க்குப் பிறகு எட்டப்படவே இல்லை. வலியோடு காத்திருக்கிற ஒருவருக்கு ஒரு நாள் முந்திக் கிடைத்தாலும் அது பெரிய விஷயம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே பதிந்ததைத்தான் திரை காட்டும். எங்கள் பதிவு மேசையில் மொழி என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டால், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிற அம்மா ஒருவர் ஆங்கிலம் தெரிந்தவராகவே பட்டியலில் நிற்பார். ஒப்பரேசன் அன்று காலையில்தான் தெரியவரும். எத்தனை மில்லியன் கொடுத்து எந்த மென்பொருளை வாங்கினாலும் அந்த இடத்தில் ஆள்தான் வேண்டும். பதிவு மேசைகளில் ஆள் குறைந்துகொண்டே போகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

சரி, இனி ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது.

இந்த நிறுவனம் எங்கள் ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த வழியைப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில், எங்கே எத்தனை வென்டிலேட்டர், எத்தனை கட்டில் என்று பார்ப்பதற்கான தரவுத் தளத்துக்கு வெறும் ஒரு பவுண் விலைக்கான ஒப்பந்தத்தில் வந்தது. அந்த நேரத்தில் அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை, உயிர் தப்பினால் போதும் என்றிருந்த காலம். அதே வருடம் டிசம்பரில், மக்களிடம் ஒரு சொல் கேட்காமல், அது சுமார் 23 மில்லியன் பவுண் ஒப்பந்தமாக மாறியது. ஓப்பன்டெமோக்ரசி என்ற செய்தித்தளமும் ஃபொக்ஸ்குளோவ் என்ற சட்ட அமைப்பும் 2021-ல் வழக்குப் போட்டன. அதற்குப் பிறகுதான், கொரோனாவுக்கு அப்பால் இந்த நிறுவனத்தின் வேலையை விரிப்பதானால் முதலில் பொதுமக்களிடம் கேட்போம் என்று அரசு ஒத்துக்கொண்டது. 2023 நவம்பரில் பெரிய ஒப்பந்தம் வந்தது. பலன்டியர் தலைமையில் அக்சென்சர், பிடபிள்யூசி முதலியவை சேர்ந்த கூட்டுக்கு, ஏழு வருடம் வரை, 330 மில்லியன் பவுண். மூன்று வருடத்துக்கு மேலாக உள்ளேயே இருந்து, ஆட்களையும் தரவின் அமைப்பையும் பழகிவிட்ட ஒரு நிறுவனத்தோடு வெளியில் நின்றவர்கள் எந்த அடிப்படையில் போட்டி போடுவது? இடையில் 2022-ல் என்.எச்.எஸ்.ஸில் செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்குத் தலைமை வகித்த அதிகாரியே போய் அந்த நிறுவனத்தில் சேர்ந்ததும் நடந்தது. சட்டப்படி அதில் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு வருகிற சந்தேகம் நியாயமானது.

அந்த ஒப்பந்தத்தை 2023 டிசம்பரில் வெளியிட்டார்கள். 586 பக்கம். அதில் 417 பக்கம் மறைக்கப்பட்டிருந்தது. தனிநபர் தரவைப் பாதுகாப்பது பற்றிய பகுதியும் ஏறக்குறைய முழுதாக மறைப்புக்குள். குட் லோ ப்ரொஜெக்ட் என்ற அமைப்பு சட்டப்படி கேள்வி எழுப்பியது. என் உடம்பு பற்றிய விபரத்தை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று எழுதியிருக்கிற பக்கத்தை எனக்கே காட்டாமல் மறைத்தார்கள் என்றால், நான் எதை வைத்து நம்புவது? வணிக இரகசியம் என்பதெல்லாம் விலைப் பட்டியலுக்குப் பொருந்தும், பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாது.

நிறுவனத்தின் சேர்க்கையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2003-ல் தொடங்கியது, ஆரம்ப முதலீட்டில் சி.ஐ.ஏ.யின் முதலீட்டுப் பிரிவும் உண்டு. அமெரிக்கக் குடிவரவுப் பொலிசான ஐஸ் அமைப்புக்கு நீண்டகாலமாக வேலை செய்கிறது. ஆட்களைக் கண்டுபிடித்து நாடுகடத்த உதவுகிற புதிய முறைக்கு 2025 ஏப்ரலில் சுமார் 30 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றது. 2024 ஜனவரியில் இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சோடு போர்க்கால ஒத்துழைப்புக்கு உடன்பட்டது. நிறுவனர்களில் ஒருவரான பீட்டர் தீல், 2023-ல் ஒக்ஸ்ஃபோர்டில் பேசும்போது, பிரித்தானியர் என்.எச்.எஸ். மேல் வைத்திருக்கிற பற்றை, கடத்தியவன் மேலேயே பாசம் வைக்கிற ஸ்டொக்ஹோம் நோய் என்றார். அது அவருடைய சொந்தக் கருத்து என்று நிறுவனம் விலகிக்கொண்டது. ஆனாலும் எங்கள் வார்டுகளில் இரவு பகலாக நிற்கிற தாதிமாரைப் பற்றி அப்படி நினைக்கிற ஒருவரின் நிறுவனத்துக்குத்தான் அவர்களுடைய நோயாளிகளின் தரவைத் தொடுகிற வேலையைக் கொடுத்திருக்கிறோம்.

எதிர்ப்பு ஏதோ இடதுசாரிகளின் கூச்சல் என்று என் மனேஜர் ஒருமுறை சொன்னார். அப்படியில்லை. 2021-ல், குடும்ப மருத்துவர்களான ஜி.பி.க்களிடம் இருக்கிற நோயாளிப் பதிவுகளை என்.எச்.எஸ். மொத்தமாக இழுக்கப் பார்த்தபோது எதிர்த்து வழக்கு எச்சரிக்கை விட்டவர்களில் கொன்சர்வேட்டிவ் எம்.பி. டேவிட் டேவிஸும் இருந்தார். அந்தக் கோடையில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் தரவைக் கொடுக்க மறுத்துப் பதிவு செய்தார்கள், திட்டம் நின்றது. 2025 ஜூனில் பிரித்தானிய மருத்துவர் சங்கமான பி.எம்.ஏ.யின் ஆண்டுக் கூட்டமும் பலன்டியரை இந்தத் தளத்துக்கு ஏற்க முடியாத பங்காளி என்று தீர்மானம் போட்டது. கிரீன் கட்சித் தலைவர் ஸக் பொலான்ஸ்கியும் வெளியேற்றச் சொல்கிறார். கிரேட்டர் மான்செஸ்டர் போன்ற இடங்கள், எங்களிடம் ஏற்கனவே நல்ல தரவு முறை இருக்கிறதே, இதற்கு மாறி என்ன லாபம் என்று தயங்கின. தயங்குகிறவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே கே.பி.எம்.ஜி. என்ற ஆலோசனை நிறுவனத்துக்கு சுமார் 8 மில்லியன் பவுண் வேலை கொடுத்தார்கள். அந்தக் காசுக்கு எத்தனை பதிவு மேசை உத்தியோகத்தர்களை வைத்திருக்கலாம் என்று என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது இவை ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களோடு கதைத்த கதைகள்தான்.

ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழர்களின் கடிதங்களில் என் பெயரைப் பார்த்துவிட்டு, நேரே என்னைக் கேட்டு போன் எடுப்பார்கள். அப்படி ஒரு ஐயா. தோள்மூட்டு ஒப்பரேசன். பழைய விலாசத்துக்குக் கடிதம் போய்த் திரும்பிவிட்டது. புதிய விலாசம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பிள்ளை, உதைக் குடுத்தால் ஹோம் ஒஃபிசுக்குப் போகுமோ?"

"இல்லை ஐயா, ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்."

"மகனுக்கு இன்னும் கேஸ் முடியேல்லை. அவனோடதான் இருக்கிறன்."

இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2017 ஜனவரியில், குடிவரவைப் பார்க்கிற உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிசும், என்.எச்.எஸ். தரவை வைத்திருந்த என்.எச்.எஸ். டிஜிட்டல் அமைப்பும் உடன்படிக்கை வைத்து, நோயாளிகளின் விலாசம் முதலிய விபரங்களைக் குடிவரவுத் தேடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன என்பது பதிவான உண்மை. நாடாளுமன்றச் சுகாதாரக் குழு கண்டித்து, குடியேறியோர் உரிமை அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 2018-ல்தான் அந்த உடன்படிக்கை கைவிடப்பட்டது. அந்த வருடங்களில் நெஞ்சுவலியோடும் ஜி.பி.யிடம் போகாமல் வீட்டிலேயே கிடந்தவர்களை எங்கள் சமூகத்தில் கேட்டுப் பாருங்கள், ஆள் இருக்கிறார்கள். இன்னொரு நாட்டில் ஆட்களைத் தேடிப் பிடிக்கிற அமைப்புக்கு மென்பொருள் செய்கிற நிறுவனம்தான் இங்கே ஆஸ்பத்திரித் திரையையும் செய்கிறது என்று அந்த ஐயாவுக்குத் தெரிய வந்தால், அடுத்த முறை எனக்கு விலாசம் சொல்வாரா?

சட்டப்படி நான் அவருக்குச் சொன்ன பதில் சரிதான். எங்கள் தரவுக்குப் பொறுப்பு எங்கள் ஆஸ்பத்திரி. நிறுவனம் வெறும் கையாளுநர். தரவை விற்கவோ தன் வேறு தயாரிப்புகளுக்குப் பாவிக்கவோ முடியாது என்கிறது ஒப்பந்தம். என்.எச்.எஸ். இங்கிலாந்து இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, நானும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விதிகளை எழுதுகிறது அரசு, மாற்றுகிறதும் அரசு. 2017-ல் உடன்படிக்கை எழுதியதும் இதே நாட்டு அரசுதான். 2025 மார்ச்சில் என்.எச்.எஸ். இங்கிலாந்தையே கலைத்துச் சுகாதார அமைச்சுக்குள் சேர்க்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். நடுவில் நின்ற ஒரு தட்டும் போகப் போகிறது.

"எல்லாம் தனியார்தானே, ஜி.பி.யில் ஓடுகிற எமிஸும் டி.பி.பி.யும் தனியார் இல்லையா, கேம்பிரிட்ஜ் ஆஸ்பத்திரியில் ஓடுகிற எபிக் அமெரிக்க நிறுவனம் இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனியார் என்பதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜி.பி. ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது கஷ்டம்தான், ஆனாலும் நடக்கிறது. எஃப்.டி.பி. நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே அடித்தளமாக வரப் பார்க்கிறது. அதன் மேல் நாங்கள் கட்டுகிற ஒவ்வொரு பட்டியலும், ஒவ்வொரு வடிகட்டியும் அந்த நிறுவனத்தின் மென்பொருளுக்குள்தான் வேலை செய்யும். குத்தகைக் காணியில் கல்வீடு கட்டுகிற மாதிரி. தரவை எடுத்துக்கொண்டு போகலாம், எங்கள் வேலையை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஏழு வருடம் கழித்து விலையை அவர்கள் சொல்வார்கள், ஆஸ்பத்திரி தலையாட்டும். அப்போது எங்கள் பிரிவில் எக்செல் தாளில் பட்டியல் போடத் தெரிந்த ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

வேறு வழி இருந்தது, இருக்கிறது. 2020-ல், இதே கொரோனா நேரத்தில், ஒக்ஸ்ஃபோர்டில் பென் கோல்டேக்கர் குழுவினர் ஓப்பன்சேஃப்லி என்ற தளத்தைக் கட்டினார்கள். ஜி.பி. பதிவுகளை எவரும் வெளியே எடுப்பதில்லை. ஆராய்ச்சியாளர் தன் கேள்வியை நிரலாக எழுதி அனுப்புகிறார், அது பதிவுகள் இருக்கிற இடத்திலேயே ஓடி, தொகுத்த விடை மட்டும் வெளியே வருகிறது. எவர் என்ன கேட்டார் என்பது பொதுவில் பதிவாகிறது. நிரல் முழுக்கத் திறந்தது, யாரும் பார்க்கலாம். அது என்னைப் போல் ஆளுக்கு ஆள் திகதி போடுகிற வேலைக்கு அல்ல, ஆராய்ச்சிக்கு. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் பொதுப் பணத்தில், பொது அமைப்பு, எல்லோரும் பார்க்கக்கூடிய விதத்தில், கோடிக்கணக்கானவர்களின் பதிவோடு வேலை செய்கிற ஒன்றைக் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. கொரோனாவின் நடுவிலேயே கட்டினார்கள் என்றால், 330 மில்லியனும் சில வருடங்களும் கொடுத்தால் என் திரையையும் கட்டியிருப்பார்கள்.

இதற்கு நம்பிக்கை முக்கியமா என்று கேட்கிறவர்களுக்கு இன்னொன்று. ஜி.பி. பதிவுகளை ஓரிடத்தில் சேர்க்கப் பார்த்து 2013-ல் தொடங்கிய கேர்.டேட்டா என்ற திட்டம் 2016-ல் மூடப்பட்டதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, மக்கள் நம்பவில்லை. ரோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி சுமார் 1.6 மில்லியன் நோயாளிகளின் விபரத்தை ஒரு செயலிக்காகக் கூகுளின் டீப்மைண்டுக்குக் கொடுத்ததில் சட்டம் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று 2017-ல் தகவல் ஆணையர் சொன்னார். அந்தச் செயலி சிறுநீரகப் பாதிப்பை நேரத்தோடு காட்டிக்கொடுக்கிற நல்ல நோக்கத்துக்குத்தான் செய்யப்பட்டது. நல்ல கருவி என்பது மட்டும் போதாது.

இந்த ஒப்பந்தத்தில் 2027-ல் முறித்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதை அரசு பாவிக்க வேண்டும் என்பதுதான் என் நிலை. உடனே நாளைக்கே அணைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமைப் பஸ் சாரதிகளுக்கு யார் பதில் சொல்வது? மாற்று முறையைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்கு வேலையை இன்றைக்குத் தொடங்கினால்தான் உண்டு.

நோயாளிகளாக இருக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். "நான் ஒப்ட்-அவுட் செய்திட்டன், அப்ப எனக்குப் பிரச்சினை இல்லைத்தானே?" என்.எச்.எஸ். செயலியில் இருக்கிற தேசிய ஒப்ட்-அவுட், அதாவது தரவு தர மறுக்கிற பதிவு, ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் உங்களை அடையாளம் காட்டுகிற தரவு போவதைத்தான் தடுக்கும். ஜி.பி.யிடம் எழுதிக் கொடுக்கிற டைப் 1 படிவம், ஜி.பி. பதிவு சிகிச்சை தவிர்ந்த தேவைக்கு வெளியே போவதைத் தடுக்கும். இரண்டையும் செய்யுங்கள், நல்லது. ஆனால் உங்கள் ஒப்பரேசனுக்குத் திகதி போடுவது நேரடிச் சிகிச்சைக் கணக்கில் வருவதால் என் திரையில் உங்கள் பெயர் வரத்தான் செய்யும். தனி ஒருவர் படிவம் நிரப்பி இதில் இருந்து விலக வழியில்லை. அதனால்தான் இதை அரசியலாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆஸ்பத்திரியை நடத்துகிற ட்ரஸ்டின் நிர்வாக போர்டு கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, திகதி அவர்களின் இணையத்தளத்தில் இருக்கும். பெரும்பாலும் கேள்வியை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வார்கள். எஃப்.டி.பி.யில் சேர்ந்துவிட்டீர்களா, சேர்ந்திருந்தால் எந்தெந்த வேலைக்கு, 2027-ல் ஒப்பந்தம் நின்றால் உங்கள் மாற்றுத் திட்டம் என்ன, அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதக் கஷ்டமாக இருக்கிறவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அதே கேள்வியை எம்.பி.க்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். எம்.பி.க்கு எழுதும்போது உங்கள் விலாசமும் போஸ்ட்கோடும் போட வேண்டும், தங்கள் தொகுதி ஆட்களுக்குத்தான் அவர்கள் பதில் எழுதுவார்கள்.